இறக்காமல்

செயின் பிளாக் கட்ட உத்தரம் இல்லை.
ஷெட்டின் மேலே இருப்பது ஆஸ்பெஸ்டாஸும்
கரையான் பாதி தின்ற சில்வர் ஓக் கட்டையும்.
மேட்டுப்பாளையத்துக்குக் கட்டி இழுத்துப்போக
நாலாயிரம் கேட்கிறார்கள்.
"இறக்க வேண்டாம்," என்றான் மரியதாஸ் போனில்.
"வண்டியிலேயே வெச்சு முடிச்சிடலாம்.
ஆனா ரெண்டு பேர் வேணும்.
மேல ஒருத்தர், கீழ ஒருத்தர்."

பிரிந்து இரண்டு வருஷம்.
அம்பாசிடர் கடன் மட்டும்
இன்னும் இருவர் பெயரில்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் அரவேணு வந்து இறங்கினான்,
கோணிப்பையில் இரவல் டார்க் ரெஞ்சு.
டீ வேண்டுமா என்று நான் கேட்கவில்லை.
ஃபிளாஸ்க்கை ரேடியேட்டர் பக்கம் வைத்தேன்.

சரிவில் நின்ற வண்டிக்கு நாலு சக்கரத்துக்கும் கல்.
கீழே ஒல்லியான ஆள்தான் நுழைய முடியும்,
அதனால் நான்.
சம்ப்பைத் தளர்த்தியதும்
மூலையில் தேங்கியிருந்த கருப்பெல்லாம்
முழங்கை வழியாக அக்குள் வரை வந்தது.

புஷ் ராடுகளை
வர்க்கி அட்டைப்பெட்டியில் துளை போட்டுக் குத்தினான்.
எட்டுக்கும் எட்டு இடம். மாறக் கூடாது.
போரின் வாயருகே ஒரு விளிம்பு,
கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தட்டுப்படும்.
பேரிங்கில் வெள்ளை போய்
செம்பு தெரிந்தது.

"ஆயில் லைட் எரிஞ்சிருக்கும். நீ பாக்கல."
"எரியல."
பழைய சண்டை, அதே வார்த்தைகள்,
நடுவில் மட்டும் இப்போது ஒரு இன்ஜின்.
டேஷ்போர்டுக்குள் கைவிட்டு பல்பைக் கழற்றினான்.
இழை அறுந்து கண்ணாடி கருத்திருந்தது.
சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.
ஒன்றும் சொல்லவில்லை.
ஜெயித்தும், நானும் சொல்லவில்லை.

நாலு மணிக்கே மூடுபனி ஷெட்டுக்குள் வந்துவிட்டது.
இந்த ஊரில் இரும்பை வெறும் உடம்பாக விட்டால்
விடிவதற்குள் செம்பட்டை.
நாலு சிலிண்டருக்கும் எண்ணெய் பூசி
என் பழைய நைட்டியைக் கிழித்துப் போர்த்தினோம்.
அவன் பின்சீட்டில் தூங்கினான், செருப்பு வெளியே.

ஞாயிறு. புது ரிங்.
கடலெண்ணெய் டின்னை வெட்டி வளைத்து
ரிங்குகளை நெருக்கிப் பிடிக்க ஒரு பட்டை.
மேலே அவன் சுத்தியல் பிடியால் தட்டத் தட்ட
பிஸ்டன் இறங்கும்.
கீழே நான் ராடின் வாயைப் பிடித்து
கிராங்கில் கீறாமல் உட்காரவைக்க வேண்டும்.
முகம் தெரியாது. குரல்தான்.

"தட்டவா?"
"இரு. விரல் இருக்கு."

நின்றான்.

"இப்ப."
டக்.
"இன்னும்."
டக்.
"இரு."

குடித்தனம் நடத்திய ஒன்பது வருஷத்தில்
இரு என்று நான் சொல்லி
அவன் நின்றதாக ஞாபகம் இல்லை.
அன்று எண்ணினேன், பதினோரு தடவை.
வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு
கொஞ்சம் சிரித்தேன்.
"என்ன?"
"ஒண்ணுமில்ல. தட்டு."

ஐந்து மணிக்குச் சாவி.
புது பல்பு எரிந்தது.
இன்ஜின் பிடித்ததும் அணைந்தது,
அணைய வேண்டிய மாதிரி.
நீலப்புகை கீழ்த்தோட்டம் வரை போக
தீப்பிடித்துவிட்டதென்று போஜன் குடத்தோடு ஓடிவந்தார்.
பிறகு புகை விலகியது.
தட்டல் சத்தம் இல்லை.
போஜன் தண்ணீரை ரேடியேட்டருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

கைக்கு மண்ணெண்ணெயும் சர்க்கரையும் தேய்த்துக்கொண்டே
அவன் சொன்னது இவ்வளவுதான்:
"ஐநூறு ஓடினதும் ஹெட்டை மறுபடி முறுக்கணும்.
அதுவரைக்கும் நாப்பதுக்கு மேல போகாத."
ஆறேகால் பஸ். ரெஞ்சையும் எடுத்துப்போனான்,
இரவல் அல்லவா.

மீட்டர் நின்று ஆறு வருஷம்.
மேட்டுப்பாளையம் போய்வந்தால்
ஐம்பதுக்குக் கொஞ்சம் மேலே என்று
ஷெட் சுவரில் கரிக்கோடு போடுகிறேன்.
இன்றோடு ஏழு.

கேரட் மூட்டையோடு குன்னூர் போனதைச்
சேர்ப்பதா வேண்டாமா என்று
கரித்துண்டோடு நிற்கிறேன்.