நீங்கள் வீட்டில் இல்லை

முப்பத்தொரு வருடம்
வலது காலைத்தான் முதலில் இறக்கினேன்.
இப்போது அந்த முழங்காலுக்குள்
யாரோ ஒரு மூட்டைச் சரளைக்கல்லை
முகவரி எழுதாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

துலூத் நகரத்துத் தெருக்கள்
ஏரியைப் பார்த்துச் சரிந்தே கிடப்பவை.
ஜனவரியில் கைபிரேக்கை நம்ப முடியாது.
சக்கரத்தை நடைபாதை விளிம்பில் முட்டக்கொடுத்து,
சாவியைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு,
இறங்கு, ஏறு, இறங்கு.
இடப்புறம் திரும்பினால் நேரம் சாகும்.
கதவைச் சாத்தினாலும்தான்.
அதனால் திறந்த கதவோடே ஓட்டினேன்;
பனி உள்ளே வந்து
பிரேக் மிதியருகே உட்கார்ந்துகொள்ளும்,
கூலி கேட்காத எடுபிடி போல.
ஜூலையில் வண்டியின் பின்பக்கம் அடுப்பு.
குடிக்க வைத்த தண்ணீரில்
தேயிலை போட்டிருக்கலாம்.

மனிதர்களை நான் எடையாகத்தான் அறிவேன்.

நான்காம் தெரு, மஞ்சள் வீடு:
பூனை மணல், நாற்பது பவுண்டு, மாதம் இருமுறை.
பூனையை ஒருநாளும் பார்த்ததில்லை.
ஆர்விட் கங்காஸ்: தூண்டில் ஈக்கள்,
மூச்சு விட்டால் பறந்துவிடும் கனம்.
மனைவி கண்ணில் படாமல்
கராஜுக்குள், பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் வைக்க வேண்டும்.
அவர் மனைவி தனியே சொல்லியிருந்தாள்,
தனக்கு எல்லாம் தெரியுமென்று,
இருந்தாலும் அங்கேயே வைக்கும்படி.
லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில்
ஒரு மாணவன் நான்கு டயர் வரவழைத்தான்.
அவன் பெயர் மறந்துவிட்டது,
படிகளின் எண்ணிக்கை மறக்கவில்லை. ஐம்பத்திரண்டு.

லோர்னா வுகெலிச்சுக்குச் செவ்வாய்தோறும்
"குளிரில் வைக்கவும்" என்று ஒட்டிய வெள்ளைப் பெட்டி.
மணியடிக்கும் முன்பே கதவு திறக்கும்.
முதல் வருடம்
முழுப் பெயரையும் சுழித்துச் சுழித்து எழுதினாள்;
தாள் போய்க் கருவி வந்தபோது
முதலெழுத்தும் ஒரு நீண்ட கோடும்.
பிறகு கோடு மட்டும்.
பிறகு ஒரு புள்ளி,
விரலை வைத்து எடுத்தாள், அவ்வளவுதான்.
"இது செல்லுமா?" என்றாள்.
"செல்லும்" என்றேன்.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு செவ்வாய்
நான் பார்த்திராத ஓர் ஆள் கதவைத் திறந்து
பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
தலையை மட்டும் அசைத்தான்.
திருப்பி அனுப்ப
கருவியில் பதினொரு காரணங்கள் உண்டு.
மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன்,
"பெறுபவர் மறுத்தார்" என்பதை அழுத்தினேன்.
அவள் எதையும் மறுத்தவள் இல்லை.
அன்று முழுக்க அந்தப் பெட்டி
காலித் தட்டில் தனியாக வந்தது.
மதிய ரொட்டியை அன்று
வண்டிக்கு வெளியே நின்று தின்றேன்.

கடைசி நாள், கிடங்கில் கேக் வெட்டினார்கள்.
மேலாளர் என் பெயரைத் தப்பாக உச்சரித்து,
பதினேழு லட்சம் பார்சல்கள் என்றார்.
யார் எண்ணினார்களோ!
பரிசு தபாலில் வருகிறது, ராட்னி,
வீட்டுக்கே வந்துவிடும் என்றார்.

வந்திருந்தது.
என் வீட்டுக் கதவில் ஒரு சீட்டு:
மன்னிக்கவும், நீங்கள் வீட்டில் இல்லை.
கையெழுத்து தேவை. நாளை மீண்டும் முயல்வோம்.
வாழ்நாளில் எத்தனை ஆயிரம் ஒட்டியிருப்பேன்!
நின்று வாசித்தது இதுதான் முதல் தடவை.
பசை சரியாக ஒட்டவில்லை.
வாசலிலேயே நின்று
இரண்டு முறை படித்தேன்.
மார்லீஸ் உள்ளிருந்து,
"முப்பத்தொரு வருஷமாய் நானும்
இதைத்தானே சொல்கிறேன்" என்றாள்.
சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

மறுநாள்
மூன்று தெரு தள்ளி அந்த எஞ்சின் இருமியதும்
எழுந்துவிட்டேன்.
மணியடிக்கும் முன்பே கதவைத் திறந்தேன்.
புதுப் பையன். சாவி சுண்டுவிரலில்.
கருவியை நீட்டினான்.
ராட்னி யூஜின் சோப்சாக்,
ஓர் எழுத்து விடாமல் எழுதினேன்.
அவன் தலையைத் திருப்பி
கதவு திறந்து கிடக்கும் வண்டியைப் பார்த்துக்கொண்டான்.
தெரியும் தம்பி,
எத்தனை வினாடி என்று எனக்குத் தெரியும்.

பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.
இரண்டு பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு,
ஆட்டினால் சத்தமில்லை.
கடிகாரம்தான்.