அடைப்புக்குறிக்குள்

பீன்யா இரண்டாம் ஃபேஸ். முலாம் பட்டறை.
காலை பத்தரைக்கு வாரியத்து ஆட்கள் வருகிறார்கள்.
இருபத்தொரு டிரம். எதிலும் லேபிள் இல்லை,
சாக்பீஸில் சூத்திரம் மட்டும்.
மல்லேஷ் என் கையில் மார்க்கரைத் திணித்துவிட்டு
பைக்கை உதைத்தார்:
"நீங்கதானே மேடம், பி.எஸ்சி. ரெண்டு வருஷம்?"

NaCl. எளிது.
உலோகம் முன்னால், தன் பெயரோடே.
பின்னால் வருவதற்குத்தான் வால் திருத்தம்,
குளோரின் குளோரைடாகும்.
கொடுத்தவர் பெயர் அப்படியே நிற்க
வாங்கியவர் பெயர் மாறும் கல்யாணம்.
நான் பார்த்த கல்யாணங்களில் தலைகீழ்.

சோடியத்துக்கு எண் தேவையில்லை.
அதற்கு ஒரே முகம்.

CuSO₄, காப்பர்(II) சல்பேட்.
ஆட்களுக்கு இது வெறும் நீலா.
நாட்டு மருந்துக்கடையில் மயில்துத்தம்.
எந்தப் பெயர் சொல்லித் தொட்டாலும்
நகக்கண்ணில் அதே கறை.

மேலே கடைசி மெட்ரோ யஷ்வந்த்பூர் பக்கம் போகிறது.
பதினான்காவது டிரம்: Fe₂(SO₄)₃.
மூன்று சல்பேட், ஆளுக்கு இரண்டு, ஆறு கடன்.
சுமக்க இரண்டு இரும்பு. தலைக்கு மூன்று.
கீழே தொங்கும் எண்களை வாயால் சொல்வதில்லை,
டை கிடையாது, ட்ரை கிடையாது.
கணக்கை மனசுக்குள் முடித்து
விடையை மட்டும் அடைப்புக்குறிக்குள் போடு.

ஹாஜர் புத்தகத்திலும் இப்படித்தான்:
பிகாஷ்(1), பிகாஷ்(2), பிகாஷ்(3).
மூவரும் கேந்திரபாடா.
இரண்டாமவன் போன தீபாவளிக்கு ஊருக்குப் போனான், வரவில்லை.
மூன்றாமவன் இன்னும் மூன்றுதான்.

கடைசி டிரம்மில் தண்ணீர் வழிந்திருக்கிறது.
FeCl வரை தெரிகிறது. பிறகு வெள்ளைச் சேறு.
இரண்டா, மூன்றா?
மூடியைத் தூக்கினேன். பழுப்பு.
மூன்று என்று எழுதக் கை போயிற்று.
ஆனால் இரண்டும்
காற்றில் கிடந்தால் பச்சை போய்
கொஞ்சம் கொஞ்சமாக மூன்றாகும்.
இந்த மூடி எத்தனை நாளாய்த் தளர்ந்து கிடந்ததோ.

அமிலத் தொட்டியிலிருந்து பிகாஷைக் கூப்பிட்டேன்.
கையுறையைக் கழற்றாமல் எட்டிப் பார்த்தான்.
"நான் வந்தப்பவே இது இங்கே இருந்தது, தீதி."

இரும்பு,
அடைப்புக்குறி திறந்து,
அடைப்புக்குறி மூடி,
குளோரைடு.
நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு ஒன்றுமில்லை.
மார்க்கரின் மூடியைத் தேடினேன்.
டிரம்களுக்கு அடியில் எங்கோ
உருண்டு போயிருந்தது.