ஒரு லீற்றர் இறங்கும் நேரம்

இறக்கக்கண்டியில் ஹில்மியின் படகுக் கொட்டிலுக்குள்
ஆறு வருஷமாய் வளர்ந்தது அது.
அலுமினியக் குழாய், பாய்ச்சீலை,
இரண்டு சிலிண்டர் எஞ்சின்.
எடை பார்த்தது மீன் வாடித் தராசில்.
கட்டியவர் என் கணவரின் தமையன், குகதாசன்.
என்ன பெயர் வைக்கப்போறீர் என்று கேட்டவர்களுக்கு
'முதலில் இறங்கட்டும், பிறகு பாப்பம்' என்றார்.
ஏறட்டும் என்று சொல்லவில்லை.
அதனால்தான் கொஞ்சம் நம்பினேன்.

சீனன்குடா ஓடுபாதை கேட்டு எழுதிய கடிதம்
கொழும்பில் எந்த மேசையில் கிடக்கிறதோ.
வெள்ளி விடிய, கச்சான் எழும்ப முன்,
உப்பளத்தோரக் கிரவல் பாதையில் என்று முடிவாயிற்று.
எழுநூறு மீற்றர்.
ஒரு முனையில் பனை. மறு முனையில் கடல்.
இடது பக்கம் முப்பத்தெட்டு வீடு.
நான் எண்ணினேன், வேறு யாரும் எண்ணியதாய்த் தெரியவில்லை.

'எஞ்சின் நின்றால் அத்தான்?'
'திரும்பி வருவன்.'
'எந்த உயரத்தில் நின்றால்?'
கையை உயர்த்திக் காட்டினார்.
தென்னையில் இருந்து விழுந்தவர்களை
நான் வார்ட்டில் புரட்டிப் படுக்க வைத்திருக்கிறேன்.
அவர்கள் விழுந்தது முப்பது அடி.
திரும்புவதற்கு ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

சில்லில் ஓடிப் பார்த்தாயிற்று, ஐந்து தரம்.
ஐந்தாம் தரம் அதுவாகவே ஒரு சாண் எழும்பியது.
கொட்டில் முழுக்க சோடா உடைத்தார்கள்.
எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.
நிலமும் விட்டுவிட்டது,
காற்றும் இன்னும் பிடிக்கவில்லை,
அந்த ஒரு சாணுக்குள் யார் பொறுப்பு?

மகன் தர்சிகன் பின்னிருக்கையில் இருந்து
வீடியோ எடுக்கப்போவதாய்ச் சொன்னான்.
'முதல் நாள் உனக்குப் பதிலாய் அரிசி மூட்டை' என்றேன்.
முறைத்தான். மூட்டை முறைக்கவில்லை.

புதன் இரவு, எனக்கு நைட் டியூட்டி.
ஒன்பதாம் கட்டில் ஐயாவுக்கு மூச்சு முட்டியது,
தலைமாட்டை உயர்த்தினேன்.
சேலைன் சொட்டு மெலிந்தது.
போத்தல் இருந்த இடத்திலேயே இருந்தது,
கைதான் அதற்குக் கிட்டப் போயிருந்தது.
கொழுவியை உயர்த்தினேன். சொட்டு ஓடியது.
அப்போதுதான் நினைவு வந்தது,
பெற்றோல் டாங்க் அவருடைய முதுகுக்குப் பின்னால்.
மூக்கு மேலே போகும்போது
எஞ்சினும் அல்லவா மேலே போகும்.

விடிந்ததும் யூனிபோமோடு நிலாவெளி பஸ் ஏறினேன்.

குழாயைக் கழற்றி, சோடாப் போத்தலில் விட்டோம்.
நேராய் நிற்கும்போது
ஒரு லீற்றருக்குத் தொண்ணூற்றிரண்டு செக்கன்.
'பாத்தியா' என்றார்.
முன் சில்லின் கீழே மூன்று மீன் பெட்டி அடுக்கச் சொன்னேன்.
ஹில்மி சிரித்துக்கொண்டே அடுக்கினார்.
ஒரு நிமிடம்.
இரண்டு.
முழு வேகத்தில் மூன்று நிமிடத்துக்கு
ஒரு லீற்றர் குடிக்கிற எஞ்சின்.
நாலு நிமிடம் கடந்தது,
போத்தல் இன்னும் அரைவாசி.
சிரிப்பு எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை.

பனைக்கு மேலே,
கடலுக்கும் எட்டாமல்,
அந்த முப்பத்தெட்டுக்கும் நேரே நின்றிருக்கும்.

அவர் நன்றி சொல்லவில்லை.
'பம்ப் ஒன்று பூட்டினால் சரி, நாளைக்கே போகலாம்' என்றார்.
'பம்பும் நின்றால்?'
ஸ்பானரை எறிந்தார். என்மேல் இல்லை,
ஆனால் என் பக்கமாய்.

வெள்ளி விடிய சனம் வந்தது.
குச்சவெளியில் இருந்தும் ஒரு லான்மாஸ்டர்.
பறக்காதாம் என்று அறிந்து
ஒருவர் கூவினார், ஒருவர் கோழி போல் கொக்கரித்தார்.
அவர் கொட்டில் கதவைச் சாத்தவில்லை.
எல்லார் கண்முன்னும் இருந்து
டாங்கின் பிடிகளை வாளால் அறுத்தார்,
மத்தியானம் வரை.

மூன்று மாதம்.
டாங்க் இப்போது மேல்சிறகில், தலைக்கு மேலே.
'சோடாப் போத்தலைக் கொண்டுவா'
என்று மட்டும் போனில் சொன்னார்.
மீன் பெட்டிகள் ஏற்கனவே அடுக்கியிருந்தன,
மூன்று இல்லை, நாலு.
எழுபத்தெட்டு செக்கன்.
தர்சிகன் கை தட்டினான்.
'இன்னொருக்கா' என்றேன்.
மறுபேச்சில்லாமல் ஏணியில் ஏறி
போத்தலை டாங்குக்குள் கவிழ்த்தார்.