அரசாணிக்கால்

மாடிவீட்டுக் கல்யாணத்துக்கு
அரசாணிக்காலாய் நட்ட கல்யாண முருங்கைக் கொம்பை
சடங்கு முடிந்ததும்
ஈ.பி. பெட்டிக்குப் பக்கத்தில் செருகிவிட்டுப் போனார்கள்.
மெட்ரோ வாட்டர் லாரிக் குழாயின் ஒழுகலில்
அது வேர் பிடித்துக்கொண்டது.

கல்யாணம் பதினாலு மாதம்.
கொம்பு இன்னும் நிற்கிறது, வில்லிவாக்கத்தில்.

இரண்டு சூட்கேஸோடு வசுமதி திரும்பி வந்த ஆடியில்
கீழ்வீட்டில் குடியிருக்கும் நான்
அடைக்கு இலை பறிக்கப் போனேன்.
இலை இலையாக இல்லை.
காம்பு விரல்மூட்டாய் வீங்கி
தளிர் சுருண்டு, முண்டும் முடிச்சுமாய்,
எண்ணெய் காயாமல் போட்ட அப்பளம் மாதிரி.

"கண்ணு பட்டுடுச்சு" என்றார் இஸ்திரி வண்டி கோதண்டம்.
"சுண்ணாம்பு அடிங்க" என்றார் எதிர்வீட்டு பெஞ்சமின் சார்.
வீட்டுக்காரர் யாரிடமும் சொல்லாமல்
கார்ப்பரேஷனுக்கு ஃபோன் போட்டார்.
எதையாவது வெட்டியாக வேண்டும் அவருக்கு.

வசுமதி சவர பிளேடோடு இறங்கி வந்தாள்.
படியிலேயே உட்கார்ந்து ஒரு முடிச்சைப் பிளந்தாள்.
உள்ளே அறை.
அறைக்குள் வெள்ளையாய், ரவையில் பாதி,
கண்ணில்லாத ஒன்று நெளிந்தது.

"குளவிக்கா. முட்டைய வச்சிட்டு
அது பாட்டுக்குப் போயிடும்.
வீடு கட்டுறது மரம்.
சோறு போடுறதும் மரம்."

எங்கே படித்தாள் என்று கேட்கவில்லை.
பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துவிட்டு
ஒரு ஆணி அடிக்க அனுமதி கேட்கிறவள் நான்.
சிரிப்பு வந்தது.
அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

ஒரு கொத்தை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு
பழைய மல் வேட்டித் துண்டால் வாய் கட்டி
வாஷிங் மெஷின் மேல் வைத்தாள்.
பன்னிரண்டு நாள் ஒன்றுமில்லை.
துணி துவைக்கும்போதெல்லாம்
பாட்டில் மட்டும் நடுங்கியது.

பதின்மூன்றாம் நாள் காலை அவள் கதவைத் தட்டினபோது
அடுப்பில் பால்.
பாட்டில் சுவரில்
மிளகுத்தூள் நடந்துகொண்டிருந்தது.
கமாவைவிடச் சின்ன உடம்பு, அதற்கு நாலு சிறகு.
முடிச்சு ஒவ்வொன்றிலும்
ஊசி குத்தினாற்போல் ஓட்டை.
சாவியைக் கொடுக்காமல் காலி செய்த வீடுகள்.

வாசலில் கார்ப்பரேஷன் ஆட்கள்
கிளைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.
மொட்டைக் கொம்பாக்கிவிட்டுப் போவார்கள்.
எப்படியும் துளிர்க்கும், அதன் வம்சம் அப்படி.

"விட்டா அடுத்த துளிருக்குத்தான் போகும்.
விடலேன்னா சாயங்காலத்துக்குள்ள…
நீங்க சொல்லுங்கக்கா."

அவள் விரல் ரப்பர் பேண்டின் மேல் இருந்தது.
உள்ளே பால் பொங்கி வழியும் வாசம்.
அணைக்கப் போகாமல் நின்றேன்.