எட்டு மணி இருபது நிமிடம்

ருஸ்தாவியில், ஆலைக்குப் பின்புறம் ஒன்பது மாடிக் கட்டடம்.
இருபது தெத்ரி காசு போட்டால்தான் லிஃப்ட் மேலே ஏறும்.
இறங்குவது இலவசம்.
ஏழாம் மாடியில் நுக்சார் கதவைத் திறந்தபோதே
குற்றவாளிகளை வரிசையாகச் சொன்னார்:
கெட்டில். மிக்சி. மேல்வீட்டு வெல்டிங்காரன்.
கடைசியில் கொஞ்சம் குரல் இறக்கி, லமாராவின் ஓவன்.
"அதை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டேன். அப்புறமும் விழுகிறது."

எது என்று நான் கேட்கவில்லை.
கோட்டு மாட்டும் ஆணிக்கு மேலே
கறுப்பு நாக்கைத் தொங்கப்போட்டபடி ட்ரிப் ஸ்விட்ச்.

எப்போது விழுகிறது, என்றேன்.
என்ன ஆச்சு என்று கேட்டால் மனிதர்கள் கதை சொல்வார்கள்.
எப்போது என்றால் விழிப்பார்கள்.

இவர் விழிக்கவில்லை. காலண்டரைக் காட்டினார்.

கட்டங்களுக்குள் நீல மையில் பொடிப்பொடியாய் நேரங்கள்.
ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று.
"குளிக்கும்போது" என்று ஓர் இடத்தில்.
"நான் எதையும் தொடவில்லை" என்று இன்னோர் இடத்தில், அடிக்கோடிட்டு.
மார்ச் பதினொன்றோடு நீலம் நின்றுவிட்டது.
பன்னிரண்டிலிருந்து பென்சில், கோணல்மாணலாய்ப் பெரிய எண்கள்.

"பாரிக்குப் போய்விட்டாள். இத்தாலி.
அங்கே ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்கிற வேலை."

நீங்கள் ஏன் தொடர்ந்து எழுதினீர்கள்?

மீசையைத் தடவினார்.
"கட்டம் காலியாக இருந்தது."

மதியத்து எண்களை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போனேன்.
1.40. மறுநாள் 2.40. நேற்று 3.40.
நாளுக்கு ஒரு மணி நேரம் நழுவுகிறது.
இருபத்தைந்தை மூன்றால் வகுத்தால்
எட்டு மணி இருபது நிமிடம்.
கெட்டிலுக்கு இந்தக் கணக்கு தெரியாது.
வெல்டிங்காரனுக்கு இவ்வளவு ஒழுக்கம் கிடையாது.
இந்த வீட்டில் ஒன்றுதான்
எட்டு மணி நேரம் உழைத்துவிட்டு
இருபது நிமிடம் தன் பனியைத் தானே உருக்கும்.
மூலையில் அது உறுமிக்கொண்டிருந்தது,
வயிறு நிறைய சுல்குனிக் கட்டியும் பிளம் சட்னி பாட்டில்களுமாக.

"இன்றைக்கு 4.40," என்றேன்.
அப்போது மணி நாலு பத்து.

பச்சை நிற தார்ஹூன் சோடா ஊற்றிக் கொடுத்தார்.
இருவரும் ஃப்ரிட்ஜைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்,
மாப்பிள்ளை வீட்டார் போல.

உறுமல் அடங்கியது.
உள்ளே எங்கோ ஒரு டிக்.
பிறகு நடையில், டப்.

இருட்டில் அவர் செய்த முதல் காரியம்
பென்சிலைத் தேடி 4.41 என்று எழுதியது.

பின்பலகையைக் கழற்றினேன்.
ஹீட்டர் குழாயின் முனையில் மயிரிழை விரிசல், அதற்குள் ஈரம்.
கோடி ஓம் காட்ட வேண்டிய இடத்தில் ஐயாயிரம்.
முதல் தடவை விழும்.
தூக்கிவிட்டு, தூக்கிவிட்டு, சூட்டில் ஈரம் காய்ந்ததும்
ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி ஓடும்.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
ஓவன் வேறு யார் வீட்டிலோ ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கும்.

அவர் லமாராவைப் போனில் கூப்பிட்டார்.
திரையில் யாருடைய சமையலறையோ, அவள் கையில் பாதி உரித்த ஆரஞ்சு.
"ஃப்ரிட்ஜ் என்று நான் சொன்னேனா இல்லையா?"
"நீ நேரத்தைத்தானே எழுதினாய்."
"உனக்குப் படிக்கத் தெரியும் என்று நினைத்தேன்."
உரிக்கிற சத்தம்.
"சரி, என் ஓவன் எங்கே?"

அவர் போனை என் பக்கம் திருப்பினார்.
நான் ஓம் கணக்கு சொல்லத் தொடங்கினேன்.
முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.
"அக்கா, அந்த ஆளிடம் கொடுங்கள்," என்றாள்.

ஹீட்டரின் இரண்டு ஒயரையும் பிரித்து டேப் சுற்றினேன்.
புது ஹீட்டர் வியாழக்கிழமை வரும்.
அதுவரை பனி ஏறும், ஏறட்டும்.
காசில்லாத லிஃப்ட்டில் இறங்கி வந்தேன்.

இரவு ஒரு மணிக்கு மேல் செய்தி வந்தது.
"1.01. விழவில்லை."
கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று:
"பழைய ஓவன் எங்கேயாவது கண்ணில் பட்டால் சொல்லுங்கள் எத்தெரி.
வெள்ளை எனாமல்.
கைப்பிடி இடது பக்கம் கொஞ்சம் ஆடும்."