காரியர்

முதலில் காரியரைக் கழற்ற வேண்டும்.
நான்கு ஆணி. மூன்று வந்துவிட்டன.
நான்காவதில் நாலு வருசத்துத் துரு.

மண்ணெண்ணெய் விட்டு ஊறப்போட்டுவிட்டு
சைக்கிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.
பெட்ரோல் இல்லாத அந்த ஆடி மாதம்
இவர் கேட்டார்: 'சும்மாதானே நிக்குது?'
ஏழு மாத வயிற்றோடு
சும்மாதான் நின்றேன் நானும்.

நோர்வூட் மருந்துக்கடைக்கு இவரோடு போனது.
மாவு மூட்டை சுமந்தது.
ஒருமுறை, கயிற்றால் கட்டின காஸ் சிலிண்டர்.
பிறகு, தகப்பனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஹர்ஷிகா.
வளைந்த ஹேண்டிலை எடுத்துவிட்டு நேர் ஹேண்டில் போட்டார்.
மணியும் பூட்டினார்.
போட்டிக்கென்று பதினெட்டு மாதம் சீட்டுக் கட்டி வாங்கினது
முட்டை கொண்டுவரப் பழகியது,
ஒன்றுகூட உடையாமல்.

ராத்திரி பத்தரைக்கு
நான்காவது ஆணி ஒரு சத்தம் போட்டது.
பிள்ளை புரண்டு படுத்தாள்.

ஞாயிறு, ஐந்தே முக்கால்.
மவுஸ்ஸாக்கலைத் தண்ணீரின் மேல்
பால் காய்ச்சின சட்டி மாதிரி ஆவி.
நிலூக்கா கரையில் நிற்கிறாள்,
லொறி டியூப் ஒன்றும் சுடுதண்ணிப் போத்தலுமாக.
வார்டில் இரவு வேலை முடித்து அப்படியே வந்தவள்.
'பயமா?' என்கிறாள் தமிழில்.
'நே' என்கிறேன் சிங்களத்தில்.
எந்தப் பாஷையில் சொன்னாலும் அது பொய்.

கடைசியாக நீந்தினபோது வரட்சி.
முழுகிப்போன பழைய மஸ்கெலியாவின்
கோயில் சுவர் ஒன்று
இடுப்பளவு வெளியே நின்றது.
அதைத் தொட்டுத் திரும்பினால் அறுநூறு மீட்டர்.
பதினொரு நிமிசம் என்று கொப்பியில் இருக்கிறது.
இன்றைக்குத் தண்ணீர் விளிம்பு மட்டும்.
சுவர் கீழே எங்கேயோ.
எதைத் தொட்டுத் திரும்புவது?

குளிர் முதலில் காதுக்குள் போனது.
பிறகு தையல் போட்ட தழும்பைக் கண்டுபிடித்து
அதன் வழியே வயிற்றுக்குள்.
கை மறக்கவில்லை.
மூச்சுத்தான், கடன் கொடுத்தவள் மாதிரி
நாலு வீச்சுக்கு ஒருதரம்
வாசலில் வந்து நின்றது.
மல்லாந்து கிடந்தேன் கொஞ்ச நேரம்.
மேகம் அசையவே இல்லை, அல்லது நானும் அதுவும்
ஒரே பக்கமாகப் போனோம்.

இந்த இடம்தான் என்று தோன்றிய இடத்தில்
காலை நீட்டிப் பார்த்தேன்.
ஒன்றும் படவில்லை.
திரும்பினேன்.

பத்தொன்பது நிமிசம். நிலூக்கா
போத்தல் மூடியில் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.
டியூப்பின் மேல்
அவள் உட்கார்ந்து தூங்கின பள்ளம்.

அப்கொட் ஏற்றத்தில் இரண்டாம் வளைவு.
சில்லு சுற்றுகிறதா, மலை சுற்றுகிறதா?
காரியர் இல்லாத பின்பக்கம் லேசாகத்தான் இருந்தது,
எடையெல்லாம் என் தொடையில் ஏறிவிட்டது.
குழி விழுந்த இடங்களில் மணி தானாக அடித்தது.
ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்க
மேலே போன பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.
விட்ட பிறகும் அவர்கள்தான் முன்னால் போனார்கள்.
ஒருத்தி திரும்பிப் பார்த்து,
'எறங்கித் தள்ளு புள்ள,
அதுக்கும் மூச்சு வாங்குதில்ல' என்றாள்.
சிரித்ததில் ஒரு மிதி தவறியது.

மூன்றாவதை ஓட்டம் என்று எழுதக் கூச்சம்.
கொப்பியில் 'கால்' என்று மட்டும் எழுதினேன்.
பாலத்திலிருந்து ஸ்டோர் கேட் வரை,
கேட்டிலிருந்து பாலம் வரை,
இடையில் ஒருதரம் நின்று
கணுக்காலில் அட்டை பிடுங்கினது உட்பட.

பின்னேரம் ஹர்ஷிகா
சைக்கிளின் பின்னால் வந்து நின்று
வெறும் இடத்தைத் தடவிப் பார்த்தாள்.
'நான் எங்க இருக்கிற?'

நாளைக்குத் திங்கள்.
இவர் டோர்ச் பிடித்தார், அவள் ஆணி எடுத்துத் தந்தாள்,
ஒவ்வொன்றாக, எண்ணி.
நாலையும் இறுக்கினேன்.
இறுக்குமுன் கிரீஸ் தடவினேன்,
கொஞ்சம் தாராளமாகவே.