மறுகா

பதினொண்டரைக்கு எடுப்பார்.
கட்டாரில் அப்போது ஒன்பது மணி.
தேற்றாத்தீவில் நாய்களும் குரைத்து அலுத்திருக்கும்.
கிணற்றுக்கட்டில் மட்டும்தான் சிக்னல்.
நுளம்புக்கு இரண்டு காலும்
அவருக்கு ஒரு காதும் கொடுத்து
உட்கார்ந்திருப்பேன்.

"சாப்பிட்டியா?"
சாப்பிட்டன்.
"மறுகா?"

கொழும்பில் வளர்ந்த என் மைனி
அதென்ன சொல் என்று ஒருநாள் கேட்டாள்.
பிறகு, என்றேன்.
கதவு திறந்திருக்கு, உள்ளே ஆளில்லை
என்று சொல்லியிருக்க வேணும்.

வியாழக்கிழமை லோன்காரப் பொடியன் வந்தவன்.
"அக்கா, உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன்" எண்டு
கேற்றடியில ஒண்டரை மணித்தியாலம் நிண்டான்.
"மறுகா?"
கச்சேரியில அந்தக் கண்ணாடிக்காரி
தலை நிமிர்த்தாமலே
"திங்கட்கிழமை வந்து பாருங்க" எண்டுறா.
இது நாலாவது திங்கட்கிழமை.
"மறுகா?"

பூபதியக்கா வந்து போனதையும் சொன்னேன்.
"நான் சொல்லுறனெண்டு குறை நினைக்காத கா"
என்று அவ தொடங்கினால்
குறை நினைக்கச் சொல்லி அர்த்தம்.
மகள் கறுத்துப் போனாளாம்.
நான் ஈர்க்கில் மாதிரிப் போனேனாம்.
கட்டாரில் உங்களுக்கு
சமைச்சுப் போட ஆரோ இருக்காம்.
"மறுகா?"

பல்லிடுக்கில் கூனியின் மீசை
அகப்பட்ட மாதிரி அந்தச் சொல்.
நாள் முழுக்க நாக்கு அதையே போய்த் தொடும்.

அப்படி ஒரு ராத்திரிதான்
பொய் சொல்லத் தொடங்கினேன்.

கிணத்துக்க ஆனை விழுந்திற்று.
"மறுகா?"
படுவான்கரையில இருந்து
வாவியை நீந்தி வந்ததாம்.
"மறுகா?"
கூனிச் சுண்டலும் சோறும் குடுத்தன்.
உப்புக் காணாதெண்டு முகத்தைத் திருப்பிற்று.
"மறுகா?"
நம்மட பிள்ளையை அதுக்குத்தான் குடுக்கப் போறன்.
காசு நகை வேணாமாம்,
வீடு மட்டும் எழுதினாக் காணுமாம்.
"மறுகா?"
எழுதிக் குடுத்திற்றன்.
நானும் ஆனையோட போறன்.
ரோட்டில பஸ் நிக்குது, கொண்டக்டர் கத்துறான்,
உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க, இடமிருக்கு!

"மறு..."

பாதிச் சொல்.
பிறகு நீளமாய் ஒரு மூச்சு.
பிறகு குறட்டை.

எந்த இடத்தில் நித்திரையானார் தெரியாது.
ஆனை விழுந்தபோதா,
பூபதியக்கா படியேறியபோதா,
போன மாதமா,
அதற்கும் முந்தியா.
பகல் முழுக்கச் சாரத்தில் நின்ற உடம்பு
கட்டிலில் விழுந்த பிறகும்
வாய் மட்டும் எனக்காக
சம்பளமில்லாத ஓவர்டைம் செய்திருக்கிறது.

அங்கே யாரோ மலையாளத்தில்
லைட்டை அணைக்கச் சொன்னான்.
யாரோ இருமினான்.
ஏசி லொறி போல இரைந்தது.

போனை வைக்க மனம் வரவில்லை.
ஆனைக்கு என்ன ஆனதென்று
எனக்கே தெரிய வேண்டியிருந்தது.
குறட்டைக்குச் சொன்னேன்:
பஸ்ஸுக்குள்ள ஏறிற்றுது.
கொண்டக்டர் சொன்னது உண்மை,
இடமிருந்தது.
கல்லாற்றுப் பாலத்தில் போகும்போது
டேட்டா முடிந்தது.

விடிய ஏழு மணிக்கு
வேலைக்குப் போகும் வானுக்குள்ளிருந்து எடுத்தார்.
"ராத்திரி என்னவோ சொன்னாய், என்ன அது?"
ஒண்டுமில்ல.
"ஒண்டுமில்ல! ஏழு வருசமா
இந்த ஒண்டுமில்லதான்.
கேக்கக் கேக்க விசர் வருது எனக்கு."

அவருக்கும் ஒரு மீசை, பல்லிடுக்கில்.
இத்தனை காலம் நான் வைத்தது.
என்ன சொல்வதென்று தெரியவில்லை.
வாளியைக் கிணற்றுக்குள் விட்டேன்.

"அதென்ன சத்தம்?"

ஆனை, என்றேன்.